ஒதுங்கி இருந்த ஒன்பது நாள்

பெண்களுக்கான பரிசோதனை முகாமில் கொடுத்துவிட்டு வந்த சாம்பிளின் முடிவை நர்ஸ் போனில் சொன்னாள். கர்ப்பப்பை வாயில் எச்.பி.வி. என்ற கிருமி இருக்கிறதாம். "உடலுறவுல ஒட்டிக்கிற வைரஸ்தாங்க. பயப்படாதீங்க, அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டரை வந்து பாருங்க" என்று வைத்துவிட்டாள். பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா?

கல்லூரிக் கடைசி வருடத்தில் எனக்கு ஒருவர் இருந்தார். இரண்டே மாதத்தில் முடிந்துபோன விஷயம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் கணவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது ஒரு கிருமி என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

என் கணவர் திருவண்ணாமலையில் கோயில் குருக்கள். மாதத்தில் மூன்று நாள் பெண்கள் ஒதுங்கியிருக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் உண்டு. தனித் தட்டு, தனிப் பாய், அடுப்பங்கரைப் பக்கம் போகக்கூடாது. நாலாம் நாள் தலைக்குக் குளித்தால் சரி. தொற்று என்றதும் என் புத்தி அங்கேதான் போயிற்று. அந்த நாள் வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். இத்தனைக்கும் நான் பி.எஸ்ஸி. தாவரவியல்.

அந்த வாரம் கோயிலில் அவர் முறை. விடியற்காலையில் கிளம்பும் முன் அவரே சோறு வடித்து, ரசம் வைத்து, எட்ட நின்று என் தட்டில் போட்டுவிட்டுப் போவார். ரசத்தில் உப்பு ஜாஸ்தி. நாலாம் நாள் நான் குளிக்கவில்லை. ஆறாம் நாளும் இல்லை. அவர் கேட்டபோதெல்லாம் "இன்னும் நிக்கலை" என்றேன். மனுஷர் முகம் வாடிப்போயிற்று. ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. ஷேர் ஆட்டோ பிடித்து செங்கம் ரோட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தனித் தட்டு விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"தட்டுலயும் டம்ளர்லயும் வராதும்மா. ஒண்ணா இருக்கும்போது அந்தரங்கமான இடத்துத் தோல் தோலோட பட்டு வர்றது. அவர்கிட்டயிருந்து உங்களுக்கும் வரும், உங்ககிட்டயிருந்து அவருக்கும் போகும். வருஷக்கணக்கா சத்தமில்லாம உள்ளேயே இருக்கும். யாராலே, எப்போ வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது." பரிசோதித்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார். பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடுமாம். வருடக்கணக்கில் தங்கிவிட்டால்தான் புற்றுநோய் வரை போகலாமாம். அடுத்த வருடம் மறுபடி வரச் சொன்னார்.

யாராலும் சொல்ல முடியாது என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். கிருமியைப் பற்றியும் அது எப்படி ஒட்டும் என்பதையும் மட்டும் அவரிடம் சொன்னேன்.

"என்னாலதான் வந்திருக்கும்" என்றார். "நமக்குக் கல்யாணம் ஆறதுக்கு முன்னாடி, வேற ஊர் கோயில்ல இருந்தப்போ, ஒருத்தி இருந்தா. உன்கிட்ட சொல்ல தைரியம் வரலை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினெட்டு வருடம் எப்படி மறைத்தார்! இதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று அடுத்த நிமிஷமே உறைத்தது. அவர் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் பழி முழுக்க அவரோடு போயிருக்கும். இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் முடியவில்லை.

"எனக்கும் ஒருத்தர் இருந்தார்" என்றேன்.

கத்துவார் என்று காத்திருந்தேன்.

"உன்கிட்ட நல்லபடியா நடந்துண்டாரா?" என்றார்.

ஆமாம் என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணிடம் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று நானும் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். பயம். இன்றுவரை கேட்கவில்லை.