முந்தானையின் பின்பக்கம்

எங்கள் தெருவில் யார் புடவை கட்டிக்கொண்டு வந்தாலும், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் அவள் முந்தானையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்துவிடுவோம். கைத்தறியா, மெஷினா என்பதை முன்பக்கம் மறைத்தாலும் பின்பக்கம் சொல்லிவிடும். காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து தறிக்காரருக்கே வாழ்க்கைப்பட்ட எனக்கு, இது கொட்டாவி மாதிரி தானாக வரும்.

அதுதான் வினையாகப் போனது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகள், ஆபீஸ் தோழி ஒருத்தியைக் கோயில் பார்க்க அழைத்து வந்தாள். வாசலிலேயே அந்தப் பெண்ணின் முந்தானையைப் புரட்டி, "இது பட்டே இல்லம்மா, எவனோ உன் தலையில கட்டிட்டான்" என்று சொல்லிவிட்டேன். அவள் நிச்சயதார்த்தத்துக்கு அவள் அம்மா ஆசையாக எடுத்துக் கொடுத்த புடவையாம். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. என் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் ஊர்ப்பக்கமே வரவில்லை. போனில் கேட்டால், "வேலைம்மா" என்பாள். என்னை அம்மா என்று சொல்லிக்கொள்ளவே வெட்கப்படுகிறாளோ? அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நீ வாம்மா, சென்னையைச் சுத்திக் காட்டறேன்" என்று அவளே கூப்பிட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலைப் பிடித்துவிட்டேன். மாம்பலம் ஸ்டேஷனில் காத்திருந்தவள் நேரே ரங்கநாதன் தெருவுக்குள் கூட்டிப்போனாள். நம் ஊர்க் கருட சேவைக் கூட்டம் அங்கே வாராவாரம் கூடுகிறது போலும். நாம் நடக்கவே வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும்.

"அம்மா, இங்க யாரு புடவையையும் தொட்டுடாத" என்றாள்.

சுருக்கென்றது. இரண்டு கைகளையும் என் முந்தானைக்குள்ளேயே சுருட்டிக்கொண்டு நடந்தேன். எத்தனை புடவைகள் என்னை உரசிக்கொண்டு போயின! ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவள் வாங்கிக் கொடுத்த கரும்புச்சாற்றைக் கூட நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை.

பிறகு மின்சார ரயிலில் எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப்போனாள். தெருவின் சத்தமெல்லாம் வெளியிலேயே நின்றுவிட்டது. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அணில் ஓடுவது கூடக் கேட்டது.

"கூட்டம் வெறுத்துப்போனா இங்க வந்துடுவேன். பேசாம உக்காந்துக்கினு இருப்பேன்" என்றாள்.

நான் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன். "என்னால உனக்கு அவமானமாடி?"

"லூசு மாதிரி பேசாதம்மா. சனி, ஞாயிறு கூட வேலை இருக்குது. இன்னிக்குத்தான் லீவு கெடச்சுது."

என் சமாதானத்துக்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பெற்ற மனசு அவ்வளவு லேசில் நம்பிவிடுமா?

சாயங்காலம் எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட புடவை கட்டியிருந்தார். பார்த்ததும் என் விரல்கள் துறுதுறுத்தன. அடக்கிக்கொண்டு, கைகளை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன்.

பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. முந்தானை நுனியைப் பிடித்தது, புரட்டியது, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தது. என் மகளின் கை!

"அம்மா, கைத்தறிதான். நம்ம ஊரு" என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

அந்த அம்மாள் வெடுக்கென்று திரும்பினார். என் மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தப்பா நெனைச்சிக்காதீங்க ஆன்ட்டி, நாங்க காஞ்சிபுரம். இது எங்க அம்மா பழக்கம், எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்று என் தோளில் கை போட்டாள்.

பிளாட்பாரத்தில் அத்தனை பேருக்கும் கேட்கும்படித்தான் சொன்னாள். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அழுகை முட்டியது, சிரிப்பும் வந்தது. அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, "நல்லாப் பாருங்க" என்று முந்தானையை விரித்துக் காட்டினார்.

காலையிலிருந்து சுருட்டி வைத்திருந்த கைகளை வெளியே எடுத்து, நானும் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்.