மாமாவின் கைராசி

எங்கள் மாமாவுக்குப் பழைய சாமான் வாங்குவதில் ஒரு கைராசி இருந்தது. அம்மாவின் தம்பியான அவர் ஜெர்மனியின் வுப்பர்டாலில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். சாப்பாட்டு அறை என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்லிவந்த ஒரு மூலையில் அவருடைய கட்டில் கிடந்தது. கிழமை நாட்களில் இரும்புப் பட்டறையில் கடைசல் வேலை, சனிக்கிழமை விடிந்தால் பழைய சாமான் சந்தை. அவர் கொண்டுவந்த தையல் மெஷின் முதல் நாளே ஓடியது. மழையில் நனைந்துகிடந்த மிக்சி ஒன்று எங்கள் வீட்டில் எட்டு வருடம் உழைத்தது. இந்தக் கைராசியைப் பற்றி அவர் ஓயாமல் புளுகுவார். அப்பா வைத்த மீன்குழம்பு நன்றாக இருந்தால்கூட, மீனைத் தெரிந்து வாங்கியது தான்தான் என்பார்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் மாமாவின் கலியாணக் காரியம் ஓடிக்கொண்டிருந்தது. கோண்டாவிலில் ஒரு பெண் பேசி முற்றாகியிருந்தது. கலியாணம் ஊரில்தான் நடக்க வேண்டும் என்று பெண்ணின் தகப்பனார் ஒற்றைக்காலில் நின்றார். மாமாவிடம் இருந்ததோ அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம், அதை வைத்துக்கொண்டு இலங்கைக்கு மட்டும் போக முடியாது. ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்தால்தான் போய்த் தாலி கட்டலாம். குடியுரிமைக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டு, மொழிப் பரீட்சையும் பாஸ் பண்ணி, அலுவலகம் கூப்பிடும் கடைசி டெர்மினுக்காக அவர் காத்திருந்தார். பெண்ணின் படம் அவருடைய தலையணைக்குக் கீழே இருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம்.

நவராத்திரிக்கு முந்தின சனிக்கிழமை மாமா மூன்று இரும்புச் சாமான்களோடு வந்தார். பார்வைக்குக் குறடு போல, பிடிக்கு மரம் போட்டு, முனையில் இரண்டு இரும்புக் கட்டிகள். பிடியை விரித்தால் கட்டிகள் பிளந்துகொண்டன. உள்ளே ஒவ்வொரு பாதியிலும் விரல்நுனி அளவில் வழுவழுப்பான குழி. மூடினால் மேலே சிறு துவாரம் மட்டும் தெரியும். ஒரு பெண் இறந்துபோன தகப்பனுடைய வீட்டைக் காலிசெய்து விற்ற பெட்டிக்குள் இவை கிடந்தனவாம்.

இது என்ன என்பதில் வீடு நாலாகப் பிரிந்தது. பல்வைத்தியருடைய ஆயுதம் என்றார் அப்பா. வால்நட் உடைக்கிற சாமான் என்றார் மாமா. நான், வருடப்பிறப்புக்கு என் வகுப்புத் தோழி வீட்டில் ஈயத்தைக் கரண்டியில் உருக்கித் தண்ணீருக்குள் ஊற்றிக் குறிபார்த்ததை நினைத்து, இதற்குள்ளும் ஈயம்தான் ஊற்றுவார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நால்வரில் உண்மைக்குக் கிட்டப் போனவள் நான்தான் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

"பலகார அச்சுத்தான்," என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். புளி போட்டுத் தேய்த்து, கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, எண்ணெய் பூசி, பயற்றம் உருண்டைக்குக் குழைத்துவைத்த மாவை அதற்குள் அழுத்தினார். பிளந்தபோது அழகான குட்டிப் பலகாரங்கள் விழுந்தன. அடியில் இரண்டு மெல்லிய வரி, மேலே மழுங்கின மொட்டு. மாமா தன் கைராசியைப் பாடத் தொடங்கிவிட்டார். அம்மா மட்டும் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எல்லாவற்றையும் கையால் நசுக்கி வழக்கமான உருண்டையாகப் பிடித்தார்.

"ஏனம்மா?"

"வடிவில்லை."

அச்சுகள் அலுமாரிக்கு மேலே போயின. அதற்குள் நான் மூன்று பலகாரங்களைப் பென்சில் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, அந்தப் பெட்டியை விற்ற பெண் மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நிலவறையில் இன்னும் இரும்பு கிடக்கிறது, வந்து காலிசெய்து தந்தால் எல்லாவற்றையும் கொண்டுபோகலாம். மாமா அன்று முழுக்க அங்கே தூக்கிச் சுமந்துவிட்டு, ஒரு நீள மரப்பெட்டியோடு ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்கு ரயிலில் வந்து இறங்கினார். மேலே பனிச்சறுக்குத் தடிகள். அவற்றுக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு துப்பாக்கி.

வரவேற்பறையில் அதைப் பிரித்தபோது நான் கதிரையில் ஏறி நின்று பார்த்தேன். தொலைக்காட்சியில் குதிரைக்காரர்கள் வைத்திருக்கும் அதே சாதி. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு கைப்பிடி, அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். மாமாவுக்கு இதெல்லாம் சினிமாவால் தெரியும். காலை அகட்டி நின்று, கைப்பிடியை ஒரு தரம் தள்ளி இழுத்தார். உள்ளே ஏதோ வழுக்கிப் போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது. வெறும் துப்பாக்கி என்றே அவர் நினைத்திருந்தார்.

சமையலறையில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"விசையிலை இருந்து விரலை எடு. அசையாதை."

அம்மா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. கத்தவும் இல்லை. மாமாவின் கையிலிருந்து அதை வாங்கி, குழாயை வெளிச்சுவர்ப் பக்கம் திருப்பினார். ஒரு கணம் அந்தக் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு மெல்லத் தள்ளினார், இழுத்தார், தள்ளினார். ஒவ்வொரு தரமும் ஒரு தோட்டா சோபாவில் விழுந்தது. நான்கு விழுந்தன. ஐந்தாம் தரம் ஒன்றும் வரவில்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, கைப்பிடியை விரித்தபடியே மேசையில் வைத்தார். தோட்டாக்களை ஒரு சாசரில் நிறுத்தினார். கையைக் கழுவிவிட்டு லீக்ஸ் நறுக்கப் போய்விட்டார்.

நான் சாசருக்குக் கிட்டப் போனேன். பித்தளைக்கு மேலே சாம்பல் நிறத்தில் மழுங்கின மொட்டு. ஓடிப்போய்ப் பென்சில் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் எங்கள் பயற்றம் பலகாரம். ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அச்சில் நாங்கள் நவராத்திரிப் பலகாரம் பிடித்திருக்கிறோம். என் கண்டுபிடிப்பை நான் அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அப்பா பென்சில் பெட்டியை வாங்கி மூன்றையும் குப்பையில் கொட்டினார்.

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அனுமதியில்லாத துப்பாக்கி வீட்டில் இருப்பது தெரிந்தால் பாஸ்போர்ட்டும் இல்லை, கலியாணமும் இல்லை. "ஆத்துக்குள்ளை போட்டிட்டு வாறன்," என்று பெட்டியை மூடினார்.

"கண்டெடுத்தால் உடனே சொல்ல வேணும். சொன்னால் பிழையில்லை, ஒளிச்சால்தான் பிழை," என்றார் அப்பா.

கடைசியில் மாமாவே தொலைபேசியை எடுத்தார். சற்று நேரத்தில் ஒரு வயதான போலீஸ்காரரும் ஓர் இளம் போலீஸ்காரியும் வந்தார்கள். நல்ல மனிதர்கள். நிலவறையில் கிடந்தது என்பதை அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டே உறுதிசெய்துகொண்டார்கள். எல்லாம் சுமுகமாக முடியப்போகிற நேரத்தில், வயதானவர் மேசையைப் பார்த்தபடி கேட்டார். இதை யார் இவ்வளவு சுத்தமாக வெறுமையாக்கியது?

அம்மா சமையலறை வாசலில் நின்றார். சொல்லத்தான் போகிறார் என்று நான் பெருமையோடு காத்திருந்தேன்.

"நான்தான்," என்றார் மாமா.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மீன்குழம்பில் தொடங்கி இப்போது இதுவுமா? எங்கே பழகினீர்கள் என்று கேட்டார் வயதானவர். சினிமாவில் என்றார் மாமா. சினிமாவில் இப்படிச் செய்து காட்டமாட்டார்களே என்று அவர் சிரித்தார். போலீஸ்காரி சிரிக்கவில்லை. ஊரில் ஆயுதக் குழு எதிலாவது இருந்தீர்களா என்று கேட்டு, மாமா இல்லை என்றதையும் எழுதிக்கொண்டார். அது பொய், செய்தது எங்கள் அம்மா என்று ஜெர்மனில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் அழுத்தமாக விழுந்தது. போய் அந்த அச்சுகளை எடுத்து வா என்றார். எடுத்து வந்தேன். பிளவுக்குள் ஒட்டியிருந்த பயற்றம் மாவைப் பார்த்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அச்சுக்கு அனுமதி தேவையில்லை என்று விட்டுவிட்டு, துப்பாக்கியோடு போனார்கள்.

அன்றைக்கு அம்மா மாமாவுக்குத்தான் முதலில் சோறு போட்டார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் எர்லாங்கனுக்கு வேலைக்குப் போகப் பெட்டி அடுக்கியபோது, அம்மா என் உடுப்புகளை மடித்தபடியே சொன்னார். பதினெட்டு வயதில் அம்மா இரண்டு வருடம் இயக்கத்தில் இருந்திருக்கிறார். அகதி விண்ணப்பத்தில் அந்த இரண்டு வருடமும் தையல் வகுப்புக்குப் போனதாக எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர் எப்போதும் அப்பாதான், நான் அதை ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தச் சனிக்கிழமை அம்மாவுடைய ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. கேள்வி அம்மாவிடம் திரும்பியிருந்தால் விண்ணப்பத்தைத் தோண்டியிருப்பார்கள்.

தோண்டியது மாமாவுடையதை. கடைசி டெர்மின் தள்ளிப்போனது. ஊரில் எந்த வருடம் எங்கே இருந்தீர்கள், ஆயுதம் எங்கே பழகினீர்கள் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. மாமா உண்மையிலேயே ஒன்றும் பழகாதவர். அதை நிரூபிக்கும் கடதாசி எந்த நாட்டில் கிடைக்கும்? கோண்டாவில்காரர்கள் ஒன்றரை வருடம் பொறுத்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்ணுக்குக் கனடா மாப்பிள்ளை சரிவந்துவிட்டது என்று செய்தி வந்தது.

மாமா சாப்பாட்டு மேசையில் ஒன்றும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பதினொரு வயது, நியாயம் எல்லாம் தெரிந்த வயது. அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"நீங்கள் அண்டைக்குப் பொய் சொன்னபடியால்தான் மாமா உங்களுக்குக் கலியாணம் நடக்கேல்லை."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஓம் பிள்ளை," என்றார். "அதாலைதான்."

சமையலறையில் அம்மா நறுக்கிக்கொண்டிருந்த கத்திச் சத்தம் நின்றது. ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். விழவில்லை. ஆகவே நான் சொன்னது சரி என்று எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.