மூச்சு விடாத துண்டு

தவக்கால வெள்ளிகளில் எங்கள் கோயிலில் புலம்பல் பாட்டு எடுத்துக்கொடுப்பது நான்தான்; சனம் கூடவே பாடும். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் பாட்டு முழுக்க நெஞ்சுக்குள் இருக்கிறது. அந்த நெஞ்சுதான் என்னைப் படுத்தியது. சின்ன வயதிலிருந்தே இருமல். போன வருசம் சளியோடு இரத்தமும் வந்தது. சயரோகம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சோதித்த டொக்டரோ சயம் இல்லை, ஸ்கான் எடுக்கவேண்டும் என்று கொழும்புக்கு அனுப்பினார்.

என்னையும் என் மனிசனையும் பஸ் ஏற்றிவிட அவருடைய தங்கை, என் மச்சாள், வந்தாள்.

"மச்சாள், ஆறுதலாச் சுகப்பட்டு வாங்கோ. பாட்டை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவளுடைய குரல் கருவாட்டில் காகம் விரட்டத்தான் சரி.

கொழும்பில் நெஞ்சு டொக்டர் படத்தைக் காட்டினார். "அம்மா, உங்கட நுரையீரலுக்கு அடியில ஒரு துண்டு இருக்கு. பிறக்கேக்கையே வந்தது. காத்துக் குழாய் இல்லை, மூச்சு விடாது. ஆனா பெரிய ரத்தக் குழாயில இருந்து தனக்கெண்டு ஒரு கிளை வச்சிருக்கு."

"வேலை செய்யாது, சாப்பாடு மட்டும் எடுக்கும்?"

"ஓம்."

நான் என் மனிசனைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றும் ஃபானைப் பார்த்தார்.

"பிறவிக் குறை எண்டு சொல்லாதேங்கோ டொக்டர். என்ர அம்மா ஒருத்தரையும் குறையாப் பெறேல்லை."

"குறை இல்லை அம்மா. இது மேலதிகம்."

மேலதிகம் என்றதும் மனம் ஆறியது.

"வெட்டினா பாட ஏலுமோ?"

"மூச்சுப் பிடிக்கக் கொஞ்ச நாள் எடுக்கும். விட்டா, திரும்பத் திரும்ப ரத்தம் வரும்."

மச்சாளை நினைத்தேன். "வெட்டுங்கோ," என்றேன்.

அந்தக் கிளைக் குழாயை முதலில் கட்டிவிட்டுத்தான் துண்டை எடுத்தார்களாம். கண் விழித்தபோது விலாவில் ஒரு குழாய் தொங்கியது. மூச்சை இழுத்துப் பந்துகளை எழுப்பச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் சாமான் தந்தார்கள். நான் புலம்பலின் முதலடியைப் பாடிப் பார்த்தேன். யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து, பக்கத்துக் கட்டில்காரி எழும்பி இருந்துவிட்டாள்.

தவக்காலம் வந்தது. மச்சாள் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக நின்றாள். நான் தொடங்கினேன். குரல் வந்தது, மூச்சு முன்னையைவிட நீளம். மூன்றாமடியில் திரும்பிப் பார்த்தால் என்னோடு பாட ஒருத்தரும் இல்லை. இரண்டாமடியின் நடுவில் எல்லாரும் தலை குனிந்து நின்றுவிட்டார்கள். அந்த இடத்தில்தான் முந்தி எனக்கு இருமல் வந்து பாட்டு நிற்கும். என்னைக் கேட்டுப் பழகிய சனம், அது மாதாவுக்காக அழுது நிற்கும் இடம் என்று பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறது.

"மச்சாள், பிழையாப் பாடுறீங்கள்! அதில நிண்டுதான் போகவேணும்," என்றாள் மச்சாள், கோயில் முழுக்கக் கேட்க.

"நான் இனி நிக்கமாட்டன். நீங்கள் ஓடி வாங்கோ," என்றேன்.

வந்தார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு.