மருந்துக்கடையில் எதிர்காற்று

ஏறாவூரில் மழைக்கு ஒதுங்கிய ஒரு மருந்துக்கடையில்தான் அவரைக் கண்டேன். நரைத்த தாடி, கசங்காத வெள்ளைச் சட்டை. என்ன உயரம் இந்த மனிதர் என்று முதலில் நினைத்தேன். மருந்து அலுமாரிக்கு மேலால் எட்டிப் பார்த்தால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்சில்லு தரையில் படாமல் தூக்கி நிறுத்திய சைக்கிளில் ஏறி இருந்து மிதித்துக்கொண்டிருந்தார். சித்திரை வருடப்பிறப்புச் சைக்கிள் ஓட்டத்துக்கு அதுதான் அவருடைய பயிற்சி. மாரி மழையில் வீதியெல்லாம் வெள்ளம். மழை விட்டாலும் கடையைப் பார்க்க வேறு ஆளில்லை.

யாராவது மாத்திரை கேட்டு வந்தால், ஓடாத அந்தச் சைக்கிளை பிரேக் பிடித்து நிறுத்துவார். கொடுத்துவிட்டு மறுபடி ஏறுவார்.

ஒரு தடவை யாரும் வராமலே இறங்கினார். பின்சில்லில் உரசும்படி கட்டியிருந்த பழைய டியூப் துண்டை இழுத்து இறுக்கினார். ஏன் என்று கேட்டேன்.

"கரடியனாறு மட்டுக்கும் போயிட்டன் தம்பி. இனித் திரும்பி வரணும். மாரியில திரும்பி வாற வழி எதிர்க்காத்துத்தானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானா, நிண்ட இடத்தில நிக்கிற சைக்கிள்தானே? திரும்பாம அப்படியே நேரா போங்களன். ஆர் கேக்கப்போறாங்க?"

அவர் சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, பாரமாகிவிட்ட பெடலை ஊன்றி மிதித்தபடி கேட்டார்.

"அப்ப கடைய ஆர் பூட்டுற?"

இப்போதும் பஸ் கரடியனாற்றைத் தாண்டும்போதெல்லாம், இதற்கப்பால் அந்த மனிதர் நினைப்பில்கூட வந்திருக்கமாட்டார் என்று தோன்றும்.