கல்நெஞ்சக்காரர் என்று நான் சொன்னவர்

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கர்த்தருக்குள் பிரியமானவர்களே, அந்த ஐந்து வருஷமும் நான் தப்பாகத்தான் ஜெபித்தேன்.

திண்டுக்கல்லில் அவருக்கு வாழைக்காய் மண்டி. சிறுமலைப் பழம் ஏலம் போகும்போது அவர் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். 1998 வாக்கில் அது நின்றுபோனது. நான் அழுதாலும் சுவர் மாதிரி பார்த்தார். "ஆண்டவரே, இவருடைய கல்நெஞ்சை உடைத்தருளும்" என்று உபவாசம் இருந்தேன். சபையிலும் அதையே ஜெபக் குறிப்பாகக் கொடுத்தேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு!

கொடைரோட்டிலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டமில்ல போல" என்று எழுந்து போய்விட்டார்கள். ஆத்திரத்தில் அவரைக் கண்டபடி பேசினேன்.

"நான் சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன். உனக்குமா தெரியல?" என்றார் மெதுவாக. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

மதுரை டாக்டர் பார்க்கின்சன் நோய் என்றார். "உள்ளுக்குள்ள எல்லா உணர்ச்சியும் இருக்கும்மா. முகத்துத் தசை இறுகிப்போச்சு, அதான் வெளிய வரல." அன்று முழுக்க அழுதேன். என் ஜெபத்தையும் மாற்றினேன். "ஆண்டவரே, என்னை மன்னியும். அவர் உள்ளே இருப்பதை என் கண்ணுக்குக் காட்டும்."

மகளுக்கு ஆத்தூரில் நல்ல இடம் அமைந்தது. ஆனால் அவருக்கு மாத்திரை வரவர கேட்கவில்லை. 2007-இல் ஆபரேஷன் செய்தார்கள். மூளைக்குள் மெல்லிய கம்பி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி. நடுக்கம் குறையும், முகத்துக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

கருவியை ஓட விட்டதும் கை அடங்கியது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிப் பக்கத்து வாடகை அறையில் ஜெபித்துக்கொண்டே ரசம் வைத்ததில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். ஒரு வாய் வைத்தார். புருவம் நெரிந்தது! உதடு கோணியது!

"இம்புட்டு உப்பா? மனுசன் திங்கிறதா இது?"

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கத்திவிட்டேன்.

"திட்டுறேன், ஸ்தோத்திரம்ங்கிறியே" என்றவரின் வாய் ஓரமாக மலர்ந்தது. பழைய சிரிப்பில் பாதிதான் இருக்கும். அது போதும் எனக்கு.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே எழுந்து நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நோய் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் என் ஆண்டவர் நான் கேட்டதைக் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் யாராவது முகம் இறுகி உட்கார்ந்திருந்தால், அவர் மனசைத் திருத்தும்படி ஜெபிக்க அவசரப்படாதீர்கள். உள்ளே இருப்பதைக் காட்டும்படி கேளுங்கள். காட்டுவார். கல் என்று நான் ஊரெல்லாம் சொன்ன மனசுக்குள், அத்தனை வருஷமும் நான்தான் இருந்திருக்கிறேன்.