நான்காம் மேசையின் கடைசிச் சீட்டு

வாக்குச்சாவடி மேசைகளில் உட்கார வேண்டியவர்களின் பட்டியல் பத்திரிகையில் வந்த அன்று, தன் பெயரைப் பார்த்தவர்கள் தப்பிக்க மருத்துவச் சான்றிதழுக்கு அலைந்தார்கள். அவுக்காமோ ஊரில் ரொமினா சிகுவாய் ஒருத்திதான் சிரித்தாள். வயது இருபத்திரண்டு. சால்மன் மீன் ஆலையில் முள் எடுக்கும் வேலை. குலுக்கலில் அவளுக்கு விழுந்தது நான்காம் மேசை, அதுவும் தலைவி பொறுப்பு.

"என்னடி சிரிப்பு? ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து முதுகு ஒடியப் போகுது," என்றாள் அம்மா இல்சே.

"அந்த ஆளு விழறத முதல் வரிசையில உக்காந்து பாக்கப் போறேம்மா."

அந்த ஆள் மேயர் எரிபெர்த்தோ மான்சில்லா. ஐந்து வருடங்களுக்கு முன்னால், சின்னத் தீவுகளிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவந்த படகை நிறுத்தியவர். ரொமினாவும் அவள் வகுப்பும் பள்ளியைப் பூட்டி, நாற்காலிகளை வெளிவேலிக் கம்பியில் செருகி, ஒன்பது நாள் உள்ளேயே கிடந்தார்கள். பத்தாம் நாள் மேயரே வாசலுக்கு வந்தார். மழையில் தொப்பியைக் கழற்றினார், நெஞ்சில் கை வைத்தார். "படகு திரும்ப ஓடும். ஒருத்தர் மேலயும் நடவடிக்கை கிடையாது. இது என் வாக்கு," என்றார். வேண்டாம் என்று மற்றவர்கள் முறைத்தபோது பேசிச் சம்மதிக்கவைத்தது ரொமினா. பூட்டைத் திறந்ததும் அவள்தான்.

மறுநாள் ஏழு பேரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். முதல் பெயர் அவளுடையது. அந்த மாதக் கடைசியில் பள்ளிச் சமையலறையில் இருந்த அவள் அம்மாவின் வேலையும் போனது. படகு வரவே இல்லை. இதையெல்லாம்கூட அவள் தாங்கியிருப்பாள். நீக்கப்பட்ட மற்ற ஆறு பேரும் தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிப்போனதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. ஐந்து வருடம், மீன் முள்ளைப் பிடுங்கும்போதெல்லாம் அவள் மனசுக்குள் ஓடியது அந்த ஒரு முகம்தான்.

இந்த முறை அவரை எதிர்த்து நின்றவர் ஒரியெத்தா கார்க்கமோ என்ற பள்ளி ஆசிரியை. ஊரில் மொத்தம் நான்கே மேசைகள். ஜெயிப்பவர் ஒரு கைப்பிடி ஓட்டில்தான் ஜெயிப்பார் என்று ரொட்டிக் கடையில்கூடப் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை, கதவு திறக்குமுன் மேசைக்காரர்கள் ஐந்து பேரும் தங்கள் ஓட்டைப் போட்டார்கள். ரொமினா முதலில் போனாள். திரைக்குப் பின்னால் போனவள் வெளியே வரவே காணோம்.

"உள்ள என்ன, காதல் கடிதமா எழுதுற?" என்று கத்தினான் செயலாளர் தனிலோ. இரும்புக் கடையில் வேலை செய்கிறவன். வாய் சும்மா இருக்காது.

அவள் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, "வேற பென்சில் வைங்க. முனை ஒடிஞ்சிடுச்சு," என்றாள். முகம் சிவந்திருந்தது.

அதன்பிறகு மாலை ஆறு வரை, சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் அவள் பாடம் எடுத்தாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு படுக்கைக் கோடு இருக்கும், அதை வெட்டி நெடுக்காக ஒரு கோடு போட வேண்டும், ஒரே ஒரு கோடு, இன்னொரு வேட்பாளரின் கோட்டைத் தொட்டால் ஓட்டு போச்சு. தீவுக்காரக் கிழவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"நாப்பது வருஷமா ஓட்டுப் போடறேன் மகளே. எனக்கேவா?"

"தெரிஞ்சவங்கதான் தாத்தா தப்பாப் போடறாங்க."

ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். எங்களூரில் ஓட்டு எண்ணுவது ரகசியமில்லை. கதவு திறந்திருக்கும், கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் நிற்கும், தலைவி ஒவ்வொரு சீட்டையும் பிரித்து உரக்கப் படித்து உயர்த்திக் காட்ட வேண்டும். மற்ற மூன்று மேசைகளும் முடிந்திருந்தன. அவற்றில் மான்சில்லா ஒன்பது ஓட்டு முன்னால் என்று தனிலோவின் கைபேசி சொன்னது. மிச்சம் இருந்தது நான்காம் மேசைதான். மேயரும் வந்து கயிற்றோரம் நின்றுகொண்டார்.

ரொமினா படிக்கப் படிக்க ஒன்பது ஏழானது, ஐந்தானது. அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு "கார்க்கமோ"வையும் மேயரின் முகத்தைப் பார்த்தே படித்தாள். ஐந்து வருடப் பசிக்குச் சாப்பாடு கிடைத்ததுபோல் இருந்தது அவளுக்கு.

நடுவில் ஒரு சீட்டு வந்தது. மான்சில்லாவுக்கு நேராகத் தெளிவாக ஒரு கோடு. ஆனால் போட்டவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை போலும், ஆசிரியையின் பெயரையும் அடித்துத் தள்ளியிருந்தார். அந்தக் கிறுக்கல் ஆசிரியையின் கோட்டையும் வெட்டியிருந்தது.

"செல்லாது!" என்றாள் ரொமினா, மணியடித்த மாதிரி.

மேயரின் ஏஜென்ட் வால்தோ துள்ளிக் குதித்தான். "அம்மணி, இது அநியாயம்! யாருக்குப் போட்டாங்கன்னு கண்ணு தெரியாதவனுக்கும் தெரியுமே!"

"ரெண்டு கோடு வெட்டியிருக்கு. மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நான் படிக்க முடியாது, சீட்டுல இருக்கிறதத்தான் படிக்க முடியும். அடுத்தது."

ஊர் கைதட்டியது. மேயர் உதட்டைக் கடித்தார். அதைப் பார்த்தபோது அவளுக்கு உள்ளே குளிர்ந்துபோனது.

பெட்டியின் அடியில் ஒரே ஒரு சீட்டு மிஞ்சியபோது வித்தியாசம் ஒன்றுதான். அது ஆசிரியைக்கு விழுந்தால் சமம். சமமானால் நீதிமன்றத்தில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ரொமினா பிரித்தாள்.

காலையில் முதலில் போட்டது அடியில் கிடந்தது. அவளுடைய சீட்டு.

ஆசிரியைக்கு நேராக அழகான கோடு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கீழே இருந்த அந்தப் பெயரைப் பார்த்ததும் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. மான்சில்லா என்ற எழுத்துகளை அப்படியும் இப்படியும் அடித்து, தாள் கிழியும் அளவுக்குக் குத்தி, பென்சிலையே ஒடித்திருந்தாள். பெயரைத்தானே அடித்தோம், கோட்டை இல்லையே என்று காலையில் நினைத்துக்கொண்டு மடித்துவிட்டாள். இப்போது வெளிச்சத்தில் பார்த்தால், கிறுக்கலின் வால் அந்தக் கோட்டை நடுவில் வெட்டிக்கொண்டு போயிருந்தது.

"இது நமக்குத்தான்!" என்று கத்தினாள் ஆசிரியையின் ஏஜென்ட் மரித்சா. "அந்தாளு வேண்டாம்னு குத்திக் கிழிச்சிருக்காங்க, இன்னும் என்ன வேணும்?"

"அப்போ அந்தச் சீட்டையும் எடு வெளிய!" என்றான் வால்தோ. "இது செல்லும்னா அதுவும் செல்லும். மறுபடி நாங்க ஒண்ணு முன்னாடி."

மேசையில் இரண்டு பேர் செல்லும் என்றார்கள், இரண்டு பேர் செல்லாது என்றார்கள். தனிலோ அவள் காதருகே குனிந்தான். "அது வேற, இது வேறன்னு சொல்லிடு ரொமி. சீட்டு கிழிஞ்சிருக்குல்ல, ஏதாவது சொல்லு. உன் ஒரு வார்த்தைதான். சமமாயிடும், குலுக்கல்ல அந்தாளு வீட்டுக்குப் போனாலும் போவான்."

சொல்லியிருக்கலாம். ஆசை இல்லாமல் இல்லை; நாக்கு நுனிவரை வந்தது. அவளைத் தடுத்தது நியாய உணர்ச்சி என்று யாரும் தப்புக்கணக்கு போட வேண்டாம். ஊர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டு, விடிவதற்குள் அதை விழுங்குகிறவன் மான்சில்லா. அவனைப் போல ஒரு நிமிடம் இருப்பதைவிட, அவனே இன்னும் நாலு வருடம் இருந்து தொலையட்டும் என்று தோன்றியது.

"செல்லாது," என்றாள். இந்த முறை குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

மேயரின் ஆட்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். இறங்கியதும் அவர் நேராக மேசைக்கு வந்து கையை நீட்டினார். "நீ இல்சேயோட மக தானே? அப்போ சின்னப் பொண்ணு, விவரம் பத்தல. இப்போ பாரு, எவ்வளவு பொறுப்பு வந்துடுச்சு."

ரொமினா நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு அதில் ஒரு கட்டுச் சீட்டுகளைத் திணித்தாள். "மிச்சமான வெத்துச் சீட்டு. புடிங்க, நான் கட்டணும்." மேயர் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் நிதானமாகக் கயிறு சுற்றினாள். ஊர் சிரித்தது. அன்று அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போது விடுமுறைக்கு விடுமுறை, மீன்காரர்களின் படகில் ஒட்டிக்கொண்டு அவள் தீவு தீவாகப் போகிறாள். பதினெட்டு வயதைத் தொட்ட பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, வெற்றுத் தாளைக் கொடுத்து, கோடு போடப் பழக்குகிறாள். கோபத்தில் கிறுக்குகிறவர்களை நூறு தடவை போடச் சொல்கிறாள். ஊர்ச் சேவை என்று பாதிரியார் மெச்சுகிறார். அவள் மறுப்பதும் இல்லை, ஆமாம் என்பதும் இல்லை.

போன வாரம் ஒரு பெண் பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். "அக்கா, ஒரு கோடு போடறதுக்கா இவ்வளவு பாடம்?"

"ஒருத்தி கூடுதலா ஒண்ணு போட்டுட்டா," என்றாள் ரொமினா. "அந்தாளு இன்னும் நாற்காலியில உக்காந்திருக்கான். எடு பென்சில."