நட்புறவுப் பூங்கா

சந்தைக்குப் பின்னால் இருந்த மாநகராட்சி உரக்கிடங்கைப் பதினெட்டு வருஷம் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் உரக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு வார்டுக் காய்கறிக் கழிவையும் பிரித்து, குவித்து, வாரம் ஒருமுறை புரட்டிவிட்டு, நாற்றமில்லாமல் உரமாக்கும் கைப்பக்குவம் அவருக்கு இருந்தது.

ஒருநாள் வெளிநாட்டு நகரம் ஒன்றிலிருந்து குழு வந்தது. அந்த ஊர் மேயரே உரத்தைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். மூன்று நாளும் அக்கா ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் கிளம்புமுன் இரண்டு நகரங்களும் பசுமை ஒப்பந்தம் போட்டுக்கொண்டன.

மறுவருஷம் பொறியாளர் வரைபடத்தோடு வந்தார்.

"அக்கா, இங்க நட்புறவுப் பூங்கா வருது. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்."

"அப்ப குப்பை எங்க போகும்?"

"லாரியில கொண்டுபோய் ஊருக்கு வெளிய கொட்டிடுவாங்க."

"எங்கிட்ட கத்துக்கிட்டுப் போனாங்களே, அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

பொறியாளர் வரைபடத்தைச் சுருட்டினார். "அங்க இதே மாதிரி இருபது கிடங்கு போட்டுட்டாங்களாம். அந்த நன்றிக்குத்தான் பூங்காவுக்கே பணம் தர்றாங்க."

அக்கா மனு எழுதிப் போட்டார். இரண்டு நகரங்கள் சேர்ந்து எடுத்த முடிவை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. பூங்காவில் பெருக்கும் வேலை தருவதாகவும் அதில் எழுதியிருந்தது.

"வேலையாவது குடுக்கறாங்களே, போயேன்" என்றார் கணவர்.

"கண்ணைப் பிடுங்கிட்டுக் கண்ணாடி குடுத்தா, வாங்கி மாட்டிக்கணுமா?"

திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. அன்று முழுக்க அக்கா வீட்டிலேயே இருந்தார். சாயங்காலம் குப்பை லாரி சாறு ஒழுகத் தெருவைக் கடந்தது. நாற்றம் தாங்காமல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.